எருமையின் மடிநோயும் தடுப்பூசியும்

தோட்டப்புறத்தில் எருமை வளர்க்கும் குடும்பத்திற்குப் பால் விற்று வரும் பணம் சம்பளத்திற்கு நல்ல துணையாகும். எருமைப்பாலில் கொழுப்புச் சத்து நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு. பசும்பாலில் ஏறத்தாழ 4 பங்கே. இந்தச் செல்வத்தை ஓசையின்றிக் குறைப்பது மடிநோய்.

நோய்க்கிருமிகள் காம்பின் துவாரம் வழியாக மடிக்குள் புகுகின்றன. நோய் முற்றினால் மடி வீங்கிச் சுடும். பால் திரிதிரியாக வரும். சில வேளைகளில் இரத்தமும் கலக்கும். ஆனால், பெரும்பாலும் நோய் வெளியில் தெரிவதில்லை. பால் நன்றாகவே தோன்றும். அளவு மட்டும் குறையும். தீவனம் போதவில்லை என்றே நாம் எண்ணியிருப்போம். பட்டையில் காயம் ஆழமாக விழுந்தால் மரத்தில் பால் குறையும் என்பதை மரம் சீவும் நாம் அறிவோம். மடிக்குள் உண்டாகும் புண்ணும் அத்தகையதே.

இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. ஸ்டெஃபிலோகாக்கஸ், ஈ.கோலி ஆகிய கிருமிகளுக்கு எதிரான ஒரு தடுப்பூசியை ஐரோப்பிய ஒன்றியம் 2009-ஆம் ஆண்டில் கறவைப் பசுக்களுக்காக ஏற்றுக்கொண்டது. கன்று ஈனுவதற்கு 45 நாள் முன்பு ஓர் ஊசி, 10 நாள் முன்பு மற்றோர் ஊசி, ஈன்ற 52-ஆம் நாளில் மூன்றாவது ஊசி என்பது அதன் முறை. எருமைக்கு அது பொருந்துமா, எப்போது போடலாம் என்பதைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். எருமையின் சினைக்காலம் ஏறத்தாழ 310 நாள். ஆகவே, சினைப்பட்ட தேதியை நாம் தவறாமல் குறித்து வைத்தல் வேண்டும்.

தடுப்பூசி நோயின் கடுமையைத் தணிக்கும். எல்லாக் கிருமிகளையும் தடுத்துவிடாது. தூய்மையே முதற்காவல். கறக்குமுன் கைகளையும் காம்புகளையும் கழுவித் துடைக்க வேண்டும். முதற்பாலைக் கறுப்புத் துணியில் பீய்ச்சிப் பார்த்தால் திரி தெரியும். நோயுற்ற எருமையைக் கடைசியாகக் கறக்க வேண்டும். கறந்தபின் காம்பின் துவாரம் சிறிது நேரம் திறந்தே இருக்கும். அவ்வேளையில் எருமை சேற்றில் படுத்தால் கிருமிகள் எளிதில் புகும். எனவே, அரைமணி நேரமாவது புல்லைப் போட்டு நிற்க வைப்பது நலம்.

மருந்து செலுத்திய எருமையின் பாலை மருத்துவர் கூறும் நாள்வரை விற்கவோ குழந்தைகளுக்குக் கொடுக்கவோ கூடாது. மடி சற்றே வீங்கினாலும் காலம் தாழ்த்தாது கால்நடை இலாகாவை நாடுவோம். கறவையைக் காத்தால் குடும்ப வருவாயையும் காத்தவர்களாவோம்.