மறதியும் மனனமும்

பரீட்சைக்கு முதல்நாள் இரவு பாடநூலை ஐந்தாறு முறை திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, யாவும் நெஞ்சிற் பதிந்துவிட்டனவென மாணவருட் பலர் அமைதியுறுகின்றனர். அவ்வமைதி எத்துணை நம்பத்தக்கது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய உளநூலறிஞர், பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாகத் தாமே மனனஞ் செய்து, தம் நினைவையே சோதித்து, 1885-இல் முடிபுகளை வெளியிட்டார். கற்றதை மீண்டுங் கற்கும்போது எவ்வளவு காலம் மிச்சமாகிறது என்பதே அவர் கொண்ட அளவுகோல். ஒரு மணி நேரத்திற்குள் மிச்சம் பாதிக்குங் கீழே இறங்கியது. ஒரு நாளில் மூன்றிலொரு பங்காயிற்று. ஒரு மாதத்தில் ஐந்திலொரு பங்கு. ஒரே அமர்வில் 68 முறை ஓதிப் பெறும் பயனை, மூன்று நாட்களிற் பகிர்ந்து 38 முறை ஓதியே பெறலாமென்பதும் அவர் கண்டதே. பைரன் செய்யுளைக் கற்கவோ, அதே நீளமுள்ள வெற்றசைகளுக்கு வேண்டிய முயற்சியிற் பத்திலொரு பங்கே போதியதாயிற்று. பொருளும் ஓசையும் நினைவுக்குத் துணை என்பது இதனாற் பெறப்படும். நம் நிகண்டாசிரியர் சொற்பொருளைச் செய்யுளாக யாத்தமை வீண் செயலன்று. சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதியில் மண்டலபுருடர் பலபொருள் ஒருசொற்களை எதுகை முறையால் நிரல்படுத்தினார். ஒரு சொல் அடுத்த சொல்லைக் கைபிடித்து அழைத்துவரும்.

இனி, 2006-இல் அமெரிக்க உளநூலார் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் வெளியிட்ட சோதனை ஒன்றுண்டு. ஒரு வாரங் கழித்து வினவியபோது, உரைப்பகுதியை நான்கு வேளையும் படித்தோர் நூற்றுக்கு 40 பங்கும், ஒரு வேளை படித்து மூன்று வேளை பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினோர் 61 பங்கும் கூறினர். ஐந்தே நிமிடங் கழித்து வினவியபோதோ, படித்தோரே முன்னின்றனர்! முதல்நாள் இரவின் வித்தை பரீட்சை மண்டபத்திற் பலிப்பதும், விடுமுறை வருமுன்னரே பறந்தோடுவதும் இதனாலேயே. நிரம்ப நினைவிருக்குமென மிகுதியும் நம்பியவரும் படித்தோரே என்பது வியப்பு.

நன்னூற் பொதுப்பாயிரம் இவ்விடத்து நினைக்கத்தக்கது. ஆசிரியர்பாற் கேட்டதனாற் காற்பங்கும், உடன் பயில்வோரோடு பழகுவதனாற் காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதனால் எஞ்சிய அரைப்பங்கும் புலமை நிரம்பும் என்பது பவணந்தியார் கருத்து. அஃது அளந்தறிந்த கணக்கன்று. அவரை விஞ்ஞானி எனக் கூறவுந் துணியோம். ஆயினும் எடுத்துரைப்போன் கையில் நூலில்லை. நெஞ்சிலிருந்தே யாவும் வரவேண்டும். நூல் திறந்திருக்குங்காற் புலப்படாத குறை, விடுதித் தாழ்வாரத்தில் தோழன் ஒருவன் ‘ஏன்?’ என வினவிய அக்கணமே புலப்பட்டுவிடுகிறது.