ஏர்கன்னுக்கு லைசன்ஸ் வேண்டாம், ஸ்கோப்பும் மலிவு... வாங்கலாமா, வேண்டாமா?

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், வண்டலூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. காலையில் மொட்டை மாடியில் காயப்போட்ட வடகத்தைக் காகம் கொத்தும். தண்ணீர்த் தொட்டி மூடியைக் குரங்கு திறந்து போடும். இரவில் தெருநாய்கள் பைக்கைத் துரத்தும். அந்த எரிச்சலோடு போனைத் திறந்தால், 'லைசன்ஸ் தேவையில்லை' என்று ஒரு ஏர்கன் விளம்பரம். பக்கத்திலேயே '3-9×40 ஸ்கோப்' சேர்த்து காம்போ ஆஃபர். சில ஆயிரம் ரூபாய்தான். வாங்கிப் போட்டால் என்ன?

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

லைசன்ஸ் உண்மையிலேயே வேண்டாமா?

பாதி உண்மை. 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்குள்ளும் (4.5 மி.மீ.), குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் ஏர்கன்னுக்கு மட்டும்தான் உரிமம் தேவையில்லை. இந்த இரண்டில் ஒன்று தாண்டினாலும் உரிமம் வேண்டும். அதனால் .22 ஏர் ரைஃபிளை 'வெறும் காத்துத் துப்பாக்கிதானே' என்று வாங்கினால் சிக்கல்தான். உரிமம் வேண்டாத மாடலாகவே வாங்கி, ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைக் கூட்டினாலும் அதே கதைதான்.

20 ஜூல் என்றால் எவ்வளவு? அரை கிராம் எடையுள்ள ஈய பெல்லட், நொடிக்குச் சுமார் 280 மீட்டர் வேகத்தில் பாயும் அளவு. மணிக்குக் கணக்கிட்டால் ஆயிரம் கிலோமீட்டரைத் தொடும். கண்ணைப் பறிக்க அதில் பாதிகூட வேண்டாம். 'லைசன்ஸ் வேண்டாம்' என்றால் 'பொம்மை' என்று அர்த்தமில்லை.

நிஜத் துப்பாக்கி மலிவாகக் கிடைக்காதா?

சட்டப்படி கிடைக்காது. அரசின் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென 2014-ல் அறிமுகப்படுத்திய 'நிர்பீக்' ரிவால்வரின் விலையே அப்போது சுமார் 1.22 லட்சம் ரூபாய். அதை வாங்குவதற்கு முன் உரிமம் வேண்டும். மாவட்டங்களில் ஆட்சியரிடமும், காவல் ஆணையரகப் பகுதிகளில் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். தாம்பரத்துக்குத் தனி ஆணையரகம் 2022 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. போலீஸ் விசாரணை நடக்கும். துப்பாக்கி எதற்கு என்பதற்கு ஏற்கும்படியான காரணமும் சொல்ல வேண்டும். உரிமம் கிடைத்தாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவித்துவிட்டால் பெரும்பாலானோர் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

'நாட்டுத் துப்பாக்கி கம்மி விலைக்குக் கிடைக்கும்' என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 2 ஆண்டு சிறை. அதிகபட்சம் 5 ஆண்டு.

ஆக, 'மலிவான துப்பாக்கி' என்று சட்டத்துக்குள் மிஞ்சுவது ஏர்கன் மட்டும்தான்.

காகம், குரங்கு, நாய்... சுட்டால் என்ன ஆகும்?

பலரும் ஏர்கன் வாங்க நினைப்பதே இதற்குத்தான். சட்டம் கடுமையாக இருப்பதும் இங்கேதான்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் காகம், எலி, பழந்தின்னி வௌவால் போன்றவை 'தீங்குயிர்' பட்டியலில் இருந்தன. அந்தப் பழைய நினைப்பில்தான் 'காக்கா சுட்டா கேஸ் இல்லப்பா' என்ற பேச்சு இன்றும் ஓடுகிறது. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மயில் அட்டவணை 1-ல் இருக்கும் பறவை. அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளும் பள்ளிக்கரணை சதுப்புநிலமும் இந்தப் புறநகரை ஒட்டியே இருப்பதால், மாடிக்கு வரும் பறவை எந்த அட்டவணையில் இருக்கிறது என்று பார்த்துச் சுடப்போவது யாருமில்லை.

தெருநாய்க்கும் இதே நிலைதான். விலங்கைக் கொல்வது, ஊனமாக்குவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 325-ன் கீழ் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் தனி.

பாதுகாப்புக்கு உதவுமா?

உதவாது. சாதாரண ஏர்கன்னை ஒவ்வொரு முறையும் குழலை மடக்கி, பெல்லட் போட்டு, நிமிர்த்திச் சுட வேண்டும். ஒன்று குறி தவறினால் அடுத்ததற்குப் பல நொடிகள் ஆகும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கோ அது நிஜத் துப்பாக்கி போலவே தெரியும். எதிரில் இருப்பவர் பயந்து என்ன செய்வார் என்று சொல்ல முடியாது.

சரி, குறி பார்த்துச் சுடுவது பிடிக்கும். ஸ்கோப் வாங்கலாமா?

இப்போதுதான் சரியான கேள்வி வருகிறது. பதில் ஆச்சரியமாக இருக்கும்: ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் டெலஸ்கோப் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது, 2012 லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நரங் வெண்கலம் வென்றது, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக்கில் ஆடியது எல்லாமே ஸ்கோப் இல்லாமல்தான். சிறு துளை வழியே பார்க்கும் 'பீப் சைட்' மட்டுமே. அவர்கள் குறிவைக்கும் 10 புள்ளி வளையத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ.

ஸ்கோப் இலக்கைப் பெரிதாகக் காட்டும். துப்பாக்கியின் துல்லியத்தைக் கூட்டாது. மலிவான ஏர்கன்னில் வேறு சில தலைவலிகளும் உண்டு.

முதலாவது, அதிர்வு. ஸ்பிரிங் ஏர்கன்னில் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் இழுக்கும். இப்படி இரண்டு பக்கமும் குலுங்குவதால், சாதாரண ஸ்கோப்பின் உள்ளே இருக்கும் குறிக்கோடு கொஞ்ச நாளில் நகர்ந்துவிடும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பும் தண்டவாளத்தில் மெல்லப் பின்னால் வழுக்கும். நேற்று செட் பண்ணியது இன்று இருக்காது.

இரண்டாவது, தூரம். பல ஸ்கோப்கள் 100 கஜ தூரத்துக்கு ஏற்றபடி வருகின்றன. 10 மீட்டரில் பார்த்தால் படம் மங்கும். கண் சற்று நகர்ந்தாலே குறி மாறுவது போலத் தெரியும். முன்பக்க லென்ஸைத் திருகி 10 மீட்டருக்குக் கொண்டுவரும் வசதி வேண்டும். அதற்கு விலை கூடும்.

மூன்றாவது, நம் கை. 9 மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் 9 மடங்கு தெரியும்.

ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஸ்கோப் இல்லாமல், துப்பாக்கியை மணல் பை மேல் வைத்து 10 மீட்டரில் ஐந்து ரவுண்ட் சுட்டுப் பாருங்கள். ஐந்து ஓட்டையும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் (27 மி.மீ.) அடங்கவில்லையா? பெல்லட்டை மாற்றிப் பாருங்கள், பிடியைத் தளர்த்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் அடங்காவிட்டால் ஸ்கோப் எதையும் சரிசெய்யாது.

எங்கே சுடுவது?

தாம்பரம் வாசிகளுக்கு உண்மையான சிக்கல் இதுதான். துப்பாக்கியும் ஸ்கோப்பும் வீட்டுக்கே வந்துவிடும். சுடுவதற்கான இடம் வராது. மாடியில் சுட்டால், தவறிய பெல்லட் பக்கத்து மாடியைத் தாண்டியும் போகும். அங்கே துணி காயப்போட அக்கா வருவார், டியூஷன் முடிந்து பிள்ளைகள் விளையாடுவார்கள். சுவரில் பட்டுத் திரும்பியும் வரலாம். அஜாக்கிரதையால் ஒருவருக்குப் படுகாயம் ஏற்பட்டால் பிரிவு 125-ன் கீழ் 3 ஆண்டு வரை சிறை.

அப்போ ஆசையை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர். அங்கே பழைய காவல் ஆணையர் அலுவலக வளாகத்தில் சென்னை ரைஃபிள் கிளப் இருக்கிறது. நடிகர் அஜித்குமார் பயிற்சி எடுத்த கிளப் என்றால் பலருக்கும் ஞாபகம் வரும். 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் அவர் கலந்துகொண்டபோது கூடிய கூட்டமும் மறந்திருக்காது. கிளப்போ, பயிற்சி மையமோ, எங்கே போனாலும் முதல் நாள் சொல்லித்தருவது ஒன்றுதான்: சுடும் வரை விரல் டிரிகர் மேல் போகக் கூடாது, குழல் எப்போதும் இலக்கு பக்கம்.

முடிவாக...

காகத்துக்கும் குரங்குக்கும் நாய்க்கும் என்றால் வாங்காதீர்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டும், வடகத்துக்கு வலையும் போதும், விலையும் கம்மி. பாதுகாப்புக்கு என்றாலும் வேண்டாம். விளையாட்டாகக் கற்க ஆசை என்றால், காம்போ ஆஃபருக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் பயிற்சிக்குக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்தும் ஆர்வம் குறையவில்லை என்றால், பயிற்சியாளரிடம் கேட்டு ஒரு துப்பாக்கி வாங்கலாம். ஸ்கோப் தேவையா என்ற கேள்விக்கு அதற்குள் உங்களுக்கே பதில் தெரிந்திருக்கும்.