பெயரில்லாத 756 பேர்

1824 ஜனவரியில் சிங்கப்பூரில் முதன்முறையாகத் தலை எண்ணினார்கள். மொத்தம் 10,683 பேர். அவர்களில் இந்தியர் 756. அத்தனை பேரையும் இன்றைய லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேற்றினால், ஆறு பெட்டி எம்ஆர்டியில் பாதிகூட நிரம்பாது. ஆனால் 1860 கணக்கெடுப்பில் இந்தியர் சுமார் 13,000 பேர். 36 ஆண்டுகளில் ஏறத்தாழ 17 மடங்கு!

அந்தக் கூட்டத்தில் உங்கள் எள்ளுத்தாத்தா இருந்தாரா? இதே கேள்வியை ஓர் ஆங்கிலேயர் கேட்டால் விடை சுலபம். இங்கிலாந்தில் 1841 முதல் வீடுவீடாக எழுதிய தாள்கள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கின்றன. நூறாண்டு கழிந்ததும் திறந்துவிடுகிறார்கள். கணக்கெடுத்த இரவு எந்த வீட்டில் யார் தூங்கினார் என்பதுவரை பார்க்கலாம். சிங்கப்பூரின் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நம் கைக்கு வந்திருப்பவையோ கூட்டிப்போட்ட அட்டவணைகள். ஆள் இருக்கிறார், பெயர் இல்லை. 1819 மே மாதம் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்து செங்கல் சூளை போட்ட நாராயண பிள்ளையும் அநேகமாக அந்த 756 பேரில் ஒரு புள்ளிதான். 1827இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் அவர் எழுப்பிய மாரியம்மன் கோயில்தான் அவரை நினைவில் வைத்திருக்கிறது.

அட்டவணையைப் படிப்பதற்கும் சாமர்த்தியம் வேண்டும். 1871இல் நம்மவரின் பெயர் ‘கிளிங்’. கலிங்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் சொல். 1891இல் ‘தமிழர்’. வயதோ இன்னும் வேடிக்கை. பிறந்த தேதி தெரியாதவரிடம் வயதைக் கேட்டால் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்றுதான் பதில் வரும். இதற்கு ‘வயதுக் குவிவு’ என்று பெயர் வைப்போம். அதை அளக்க அமெரிக்கர் ஜார்ஜ் விப்பிள் ஒரு கணக்குச் சொன்னார். 23 முதல் 62 வயதுவரை உள்ளவர்களில் 0, 5 என முடியும் வயதைச் சொன்னவர்களை எண்ண வேண்டும். ஐந்தில் ஒருவர் என்றால் மதிப்பெண் 100, அதாவது யாரும் வயதை முழுமையாக்கிச் சொல்லவில்லை. எல்லோருமே அப்படிச் சொன்னால் 500. ஆகவே, பழைய தாளில் ‘40’ என்றிருந்தால் 35க்கும் 45க்கும் நடுவே என்று வாசிப்பதே உத்தமம்.

சரி, பெயருக்கு எங்கே போவது? 1872 முதல் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் உண்டு. அதற்கு முன்பு என்றால் நிலப்பத்திரம், தேவாலய ஞானஸ்நானப் பதிவு என்று வலை வீச வேண்டும். 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ போன்ற தமிழ் இதழ்களிலும் தேடலாம். ஆங்கிலப் பதிவேடுகளில் அடுத்த சிக்கல் எழுத்துக்கூட்டல். முத்து ஒரு பக்கத்தில் ‘மூத்தூ’, இன்னொன்றில் ‘முட்டு’. குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ அப்படி!

இதற்கு மருந்து அமெரிக்காவில் கிடைத்தது. 1918இல் ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது ‘சவுண்டெக்ஸ்’, அதாவது ஒலிக்குறி. 1930களில் அந்நாட்டின் பழைய கணக்கெடுப்புகளுக்குப் பெயரடைவு தயாரிக்க இதையே பயன்படுத்தினார்கள். முதல் எழுத்தை வைத்துக்கொள், உயிரெழுத்துகளைத் தூக்கிப்போடு, ஒத்த ஒலியுள்ள மெய்களுக்கு ஒரே எண் கொடு. அவ்வளவுதான். முத்துவை எப்படி எழுதினாலும் எம்300. பிள்ளை, பில்லே, பில்லி எல்லாம் பி400.

இதில் யாரும் திட்டமிடாத ஓர் அழகு இருக்கிறது. ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’ வேறு ஒலி, நடுவில் வரும் ‘ப’ வேறு ஒலி. ஆங்கிலத்தில் அவற்றுக்கு இரண்டு எழுத்து, நமக்கு ஒன்றே போதும். ‘தந்தை’யின் இரண்டு தகரமும், ‘காக’த்தின் இரண்டு ககரமும் அப்படித்தான். சவுண்டெக்ஸும் இந்த ஜோடிகளுக்கு ஒரே எண்ணைத்தான் கொடுக்கிறது. தமிழ் எழுத்து மரபைப் படித்துவிட்டுச் செய்ததுபோல! ஆனால் ழகரத்தில் இடறி விழுகிறது. ஆங்கிலத்தின் கடைசி எழுத்தைப் போட்டு எழுதிய பழனி பி250, லகரம் போட்ட பழனி பி450. தமிழர்களையே தடுமாற வைக்கும் எழுத்தல்லவா!

மிச்சமிருக்கும் துப்பு நம் வழக்கத்திலேயே இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான். சிங்கப்பூர் அடையாள அட்டைகளில் காணும் ‘எஸ்/ஓ’ (இன்னாரின் மகன்) அதன் ஆங்கில உருவம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதும் வழக்கம். ‘பெயரன்’ என்ற சொல்லே அதற்குச் சாட்சி. இரண்டையும் சேர்த்தால் ஒரு சக்கரம் சுழலும். ராமன் மகன் முத்து, முத்து மகன் ராமன், மறுபடி ராமன் மகன் முத்து. இரண்டே பெயர்கள் ஒரு நூற்றாண்டை ஓட்டிவிடும். 1850 பத்திரத்தில் ஒரு ‘முத்து, தகப்பன் ராமன்’. 1905 பதிவேட்டில் அதே பெயர், அதே தகப்பன் பெயர். ஒரே ஆள் என்று முடிவுகட்டி, அவரை நூறு வயதுக் கிழவராக்கிவிடாதீர்கள். இரண்டாமவர் அநேகமாகப் பேரன். நடுவே, ‘ராமன், தகப்பன் முத்து’ என்று ஒருவர் எங்கோ ஒரு தாளில் காத்திருக்கிறார்.