எழுத்தில்லாத நூலைப் படிப்பது எப்படி?



நூல் என்றதும் எழுத்தே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், ஒரு சொல்லும் இல்லாமல் படங்களாலேயே கதை சொல்லும் நூல்களும் உலகில் உண்டு. அத்தகைய நூல் ஒன்றை இவ்வாண்டு இரண்டாம் ஆண்டு மாணவர்களோடு பகிர்ந்துகொண்டேன். அதன் பயனை யாவரும் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலின் பெயர் 'அலை'. கொரிய நாட்டு ஓவியர் சூசி லீ வரைந்த இந்நூல் 2008-இல் வெளிவந்தது. சிறுவர் நூல் ஓவியத்திற்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதை அவர் 2022-இல் பெற்றார். கதை எளியது. ஒரு சிறுமி தாயுடன் கடற்கரைக்கு வருகிறாள். அலையைக் கண்டு முதலில் அஞ்சி ஓடுகிறாள். பின்னர் அதனை அதட்டுகிறாள். இறுதியில் இறங்கி விளையாடுகிறாள். பேரலை ஒன்று அவளை நனைத்துக் கிளிஞ்சல்களைக் கரையில் விட்டுச் செல்கிறது. கறுப்பும் நீலமும் தவிர வேறு நிறம் நூலில் இல்லை.

முதல் நாள் ஒவ்வொரு பக்கத்திற்கும் நானே விளக்கம் கூறினேன். வகுப்பு வாய்மூடி இருந்தது. தவறு என்னுடையது என உணர்ந்தேன். மறுநாள் நான் வாய்மூடிக்கொண்டேன், மாணவர்கள் பேசினார்கள். "ஐயா, கடல் நடு மடிப்பைத் தாண்டி வரவில்லை" என்றாள் ஒரு மாணவி. அதுவரை நான் அதனைக் கவனித்ததே இல்லை! சிறுமி ஒரு பக்கம், கடல் மறுபக்கம், மடிப்பே எல்லை. அவ்வெல்லையை அவள் கடப்பதே கதையின் உயிர். "நம் கடல் நீலமாக இராதே?" என்றான், ஜெராம் கடற்கரைக்குச் சென்று வந்த ஒரு மாணவன். சிலாங்கூர் ஆறு கொண்டுவரும் வண்டலாலும் சேற்றுக் கரையாலும் நம் கடல் பழுப்பாகத் தோன்றுகிறது என்று விளக்கினேன். செரண்டாவிலிருந்து கடல் நெடுந்தொலைவில் இல்லை. எனினும், வகுப்பில் பாதிப்பேர் அதனைக் கண்டதில்லை.

இத்தகைய நூலைப் பகிரும் முறை வருமாறு: முதலாவது, பக்கத்தை மெதுவாகப் புரட்டுங்கள். இரண்டாவது, "என்ன நடக்கிறது? எதைக் கண்டு அப்படி நினைக்கிறாய்? அடுத்து என்ன ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள். மூன்றாவது, பிள்ளை சொல்வதைத் திருத்தாதீர்கள். ஒரே படத்திற்குப் பல கதைகள் பொருந்தும். நான்காவது, பிள்ளை கூறிய வாக்கியங்களை எழுதி அவனையே படிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் நுரை, கிளிஞ்சல், கடற்பறவை என்னும் சொற்கள் இவ்வாறே கரும்பலகைக்கு ஏறின. எழுத்தில்லாத நூல் எழுத்துக்குப் பகையன்று, அதற்கு வாயில்.

இந்நூலை மாணவர்களிடம் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். ஒரு மாணவனின் பாட்டி அதனைத் திருப்பித் தர வந்தார். "ஐயா, எனக்கு எழுத்துத் தெரியாது. என்னிடம் கொடுத்து என்ன பயன்?" என்றார். பள்ளி வாசிப்பு நாளுக்கு அவர் ஒருமுறையும் வராத காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நூலைத் திறந்து காட்டினேன். கடல் நிறைந்த பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு பேரனை அருகில் அமர்த்திக்கொண்டு, சிறு வயதில் நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பலேறியதையும், கரையே தெரியாத கடலில் தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டிருந்ததையும் சொன்னார். 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் நம் முன்னோர் பலரைச் சுமந்து வந்தது. பேரன் இக்கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான். ஒரே லயத்து வீட்டில் வாழ்ந்தும், கேட்க ஒரு வாய்ப்பு அமையவில்லை!

இத்தாலியின் லம்பெடூசாத் தீவுக்குக் கடல் கடந்து அகதிகளாக வந்த பிள்ளைகளை எண்ணி, இளையோர் நூல்களுக்கான அனைத்துலக வாரியம் 2012-இல் எழுத்தில்லாத நூல்களைத் திரட்டத் தொடங்கியது. மொழி வேறானவர்களும் ஒருங்கே அமர்ந்து பார்க்கலாம் அல்லவா?

பெற்றோர்களே! "எனக்குப் படிக்கத் தெரியாது" என்று ஒதுங்காதீர்கள். வேலை முடிந்த மாலையில் கால்மணி நேரம் போதும். பிள்ளையை அருகில் அமர்த்தி, ஒரு படத்தைக் காட்டி, அவன் சொல்வதைக் கேளுங்கள். பின்னர் உங்கள் கதையைச் சொல்லுங்கள். நூல் பள்ளியில் காத்திருக்கிறது.