கோச் மாறினால் என்ன மாறும்?

ஹைதராபாத் பாலாநகரில் பட்டறைத் தெருக்களுக்கு நடுவே, பழைய கிடங்கு ஒன்றின் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு ஷட்டில் கோர்ட் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் அங்கே நிற்க இடம் இருக்காது. கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே டை செய்யும் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன் மகனை அங்கே சேர்த்துவிட்டிருக்கிறார். போன வாரம் அந்தப் பையன் என்னை மடக்கினான். “மாமா, சாய்னா பெரிய ஆளா, சிந்து பெரிய ஆளா?” நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது வந்தது: “சிந்து ஏன் கோச்சை மாத்திக்கிட்டே இருக்காங்க?”

ஹைதராபாத்தில் வளரும் பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் வராமல் இருக்காது. இரண்டுக்குமே ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கோச் விஷயம். கூடைப்பந்தில் கோச்சை மாற்றுவது அணியின் நிர்வாகம். அணி தோற்றுக்கொண்டே போனால் பதினைந்து வீரர்களை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஒரு கோச்சை மாற்றிவிடலாம். அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் வருடா வருடம் நடப்பது இது. இறகுப்பந்தில் நிலைமை தலைகீழ். இங்கே ஆடுகிறவரே தன் கோச்சைத் தேடிப் போகிறார், தானே பிரிந்தும் வருகிறார். அதனால்தான் ஒவ்வொரு மாற்றமும் குடும்பச் சண்டை போல, குருத்துரோகம் போல வெளியே பேசப்படுகிறது. அப்படிப் பேசுவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

சாய்னா நேவால் ஹிஸாரில் பிறந்தவர். சிறுமியாக ஹைதராபாத் வந்து, லால் பகதூர் ஸ்டேடியத்தில் நானி பிரசாத்திடமும் பிறகு எஸ்.எம். ஆரிஃபிடமும் ஆடிப் பழகி, அதற்குப் பின் புல்லேல கோபிசந்திடம் வந்தார். கோபிசந்தின் அகாடமி 2008-ல் கச்சிபௌலியில் திறந்தது. அரசு ஐந்து ஏக்கர் நிலம் கொடுத்தது. கட்டடத்துக்குப் பணம் போதாமல் அவர் குடும்பத்தோடு குடியிருந்த வீட்டையே அடமானம் வைத்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சாய்னா வாங்கிய வெண்கலம் இந்த உழைப்பில் விளைந்தது.

அதே கூரையின் கீழ் இன்னொரு பெண் வளர்ந்துகொண்டிருந்தாள். சிந்துவின் அப்பா ரமணா 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற வாலிபால் அணியில் ஆடியவர். அம்மாவும் வாலிபால் வீராங்கனைதான். செகந்திராபாத்திலிருந்து கச்சிபௌலிக்குப் போக வர தினமும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பிள்ளை அது. 2013, 2014 என்று அடுத்தடுத்து இரண்டு உலகச் சாம்பியன்ஷிப்பிலும் வெண்கலம் வாங்கிவிட்டாள். ஒரு கோச்சின் நாளில் இருப்பது அதே இருபத்து நான்கு மணி நேரம். உச்சத்தில் இருக்கும் 24 வயது ஆளுக்கும், ஏறிவரும் 19 வயது ஆளுக்கும் அதை எப்படிப் பங்கு போடுவது?

2014 செப்டம்பரில் சாய்னா பெங்களூருக்கு, விமல் குமாரிடம் போனார். அந்த நவம்பரிலேயே சீன ஓபன் பட்டம். 2015 மார்ச்சில் ஆல் இங்கிலாந்து இறுதிப் போட்டி. அதைத் தொடர்ந்து உலகத் தரவரிசையில் முதலிடம், இந்தியப் பெண்களில் முதல் ஆளாக. ஆகஸ்ட்டில் உலகச் சாம்பியன்ஷிப் வெள்ளி. 2017 செப்டம்பரில் அவர் கோபிசந்திடமே திரும்பினார். 2018 ஏப்ரலில் காமன்வெல்த் இறுதிப் போட்டியில் 21-18, 23-21 என்று சிந்துவையே ஜெயித்துத் தங்கம் வாங்கினார். போனதும் நல்லதற்கு, வந்ததும் நல்லதற்கு என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புது கோச்சின் முதல் வருட வெற்றியில் பழைய கோச்சின் வியர்வை இருக்கும். கூடைப்பந்திலும் இதைப் பார்க்கலாம். சிகாகோ புல்ஸ் அணியை 1989-ல் கான்ஃபரன்ஸ் இறுதிவரை கொண்டுபோன டக் காலின்ஸை நிர்வாகம் அனுப்பிவிட்டு ஃபில் ஜாக்சனைக் கொண்டுவந்தது. 1991-லிருந்து 1998-க்குள் ஆறு பட்டம். ஜாக்சன் மேதை, சந்தேகமில்லை. ஆனால் அந்த அணியின் இளம் ஜோர்டனும் பிப்பெனும் காலின்ஸ் காலத்தில் ஆடித் தேறியவர்கள்தான்.

சிந்துவுக்கு வருவோம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. அதற்கு முன் மூன்று மாதம் கோபிசந்த் அவர் போனை வாங்கி வைத்துக்கொண்டது ஊருக்கே தெரியும். 2017 கிளாஸ்கோ உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் ஜப்பானின் நொசோமி ஒகுஹாரா எதிரே. 19-21, 22-20, 20-22. மொத்தம் 110 நிமிடம். கடைசி செட்டில் இருவரும் புள்ளிக்குப் புள்ளி மூச்சு வாங்க நின்றதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டு வருடம் கழித்து 2019-ல் பாசெல் நகரில் அதே ஒகுஹாரா, அதே இறுதிப் போட்டி: 21-7, 21-7. 38 நிமிடத்தில் முடிந்தது. இந்தியாவுக்கு உலகச் சாம்பியன் பட்டம் அதுதான் முதல் முறை. அந்த வருடம் கோபிசந்தோடு கொரியாவின் கிம் ஜி ஹியூனும் சிந்துவிடம் வேலை பார்த்தார். எதிராளி எங்கே அடிப்பார் என்று முன்கூட்டியே யோசிக்க வைப்பது, நீண்ட ரேலிக்குக் காத்திருக்காமல் முடிப்பது என்று ஆட்டத்தின் மூளையில் கை வைத்தார்.

குடும்பக் காரணத்தால் கிம் ஊருக்குப் போனதும், பார்க் டே சாங் வந்தார். தடுப்பாட்டம் கூடியது. டோக்கியோ ஒலிம்பிக்கில் சீனாவின் ஹீ பிங்ஜியாவோவை 21-13, 21-15 என்று வென்று வெண்கலம். 2023 பிப்ரவரியில் அவரோடும் பிரிவு. பிறகு விதி சௌத்ரி, மலேசியாவின் ஹஃபிஸ் ஹாஷிம், பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஆகுஸ் த்வி சாண்டோசோ, வழிகாட்டியாகப் பிரகாஷ் படுகோன். பாரிஸில் அதே ஹீ பிங்ஜியாவோவிடம் தோல்வி.

பையனின் சந்தேகம் இங்கேதான் நியாயமாகிறது. ஒரு கோச் சொல்லித்தருவது உடம்பில் பழக்கமாக ஏற மாதக்கணக்கில் ஆகும். ஏறுவதற்குள் ஆளை மாற்றினால் பழையது போய்விடும், புதியதும் ஒட்டாது. 2022 காமன்வெல்த் தங்கத்தோடு வந்த கணுக்கால் காயமும் சேர்ந்த பிறகு, அடுத்தடுத்து வந்த கோச்சுகளுக்குப் போதிய காலம் கிடைக்கவில்லை என்பது என் கணிப்பு. மாறியதில் தப்பில்லை, மாறிய வேகம்தான் உறுத்துகிறது.

இனி முதல் கேள்வி, யார் பெரிய ஆள்? பையனின் அப்பா தன் பட்டறையில் புதுப் பையன்களுக்கு முதலில் சொல்லித்தருவது, வெர்னியர் அளவுகோலின் தாடையை மூடி ஜீரோ சரியாக நிற்கிறதா என்று பார்ப்பதை. ஜீரோ தள்ளியிருந்தால் அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுத்தான் அளவு சொல்ல வேண்டும். காலம் தாண்டி ஆட்டக்காரர்களை ஒப்பிடுவதற்கும் இதே வழிதான் எனக்குத் தெரிந்தது.

புள்ளி முறையை எடுத்துக்கொள்வோம். 1980 ஆல் இங்கிலாந்து இறுதியில் பிரகாஷ் படுகோன், முந்தைய இரண்டு வருடமும் சாம்பியனான இந்தோனேசியாவின் லியம் ஸ்வீ கிங்கை 15-3, 15-10 என்று வென்றார். அப்போது சர்வீஸ் போடுகிறவர் ரேலியை ஜெயித்தால்தான் புள்ளி. எதிராளி ஜெயித்தால் சர்வீஸ் மட்டும் கை மாறும், பலகை நகராது. 15-3 என்ற கணக்குக்குப் பின்னால் எத்தனை ரேலி என்று பலகை சொல்லாது. 2006-லிருந்து யார் ஜெயித்தாலும் புள்ளி, செட்டுக்கு 21. ஆகவே பிரகாஷின் 15-3-ஐயும் சிந்துவின் 21-7-ஐயும் பக்கத்தில் வைத்துப் பேசினால் அர்த்தம் வராது. என்.பி.ஏ.வில் மூன்று புள்ளிக் கோடு வந்ததே 1979-ல்தான். 1962-ல் வில்ட் சேம்பர்லைன் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தபோது அந்தக் கோடு தரையில் இல்லை.

அடுத்தது எதிரே நின்றவர்கள். சீனா உலகக் கூட்டமைப்பில் சேர்ந்தது 1981-ல். அதாவது பிரகாஷ் வென்ற வருடம் சீனர்கள் அந்தப் போட்டியில் இல்லை. 2001 ஆல் இங்கிலாந்தில் கோபிசந்த் அரையிறுதியில் டென்மார்க்கின் பீட்டர் கேடையும், இறுதியில் சீனாவின் சென் ஹாங்கை 15-12, 15-6 என்றும் வென்றார். இதனால் பிரகாஷ் குறைந்துவிடுகிறாரா என்றால், இல்லை. அவர் பெங்களூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆடிப் பழகியவர். அவருக்கு முன்னே ஆல் இங்கிலாந்தை வென்ற இந்தியர் யாரும் இல்லை. கோபிசந்துக்கு பிரகாஷ் இருந்தார், சாய்னாவுக்கும் சிந்துவுக்கும் கோபிசந்த் இருந்தார்.

சாய்னா, சிந்து இருவருக்கும் புள்ளி முறை ஒன்று, ஒப்பிடலாம். 2012 லண்டனில் அரையிறுதிக்கு வந்த நால்வரில் சாய்னாவைத் தவிர மூவரும் சீனர்கள். 2016 ரியோவில் ஸ்பெயின், சீனா, ஜப்பான், இந்தியா என்று நாட்டுக்கு ஒருவர். சீனச் சுவர் உறுதியாக நின்ற காலத்தில் முதலில் அதை மோதிப் பார்த்தவர் சாய்னா. எந்த நாட்டுக்காரியும் ஜெயிக்கலாம் என்ற நெருக்கடியான காலத்தில் பெரிய மேடைகளில் திரும்பத் திரும்பப் பதக்கம் எடுத்தவர் சிந்து. பதக்கக் கணக்கில் நான் சிந்துவை முன்னால் வைப்பேன். வழி திறந்தவர் யார் என்றால் தயங்காமல் சாய்னா என்பேன்.

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தான். “அப்ப நானி பிரசாத் சார்?” என்றான். சாய்னா கையில் முதலில் ராக்கெட்டைச் சரியாகப் பிடிக்க வைத்த அந்த மனிதரின் பெயரை அவன் விடாமல் பிடித்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. பதில் சொல்வதற்குள் அவன் கோச் கூப்பிட்டுவிட்டார். கூடையில் இறகு உடைந்த பழைய ஷட்டில்கள் நிறைய இருந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து வலைக்கு அந்தப் பக்கம் வீச, அவன் ஓடி ஓடி எடுத்தான்.