முடி எண்ணிய நாளும் எழுத்து எண்ணும் நாளும்

பழ ஈயின் முதுகில் பக்கத்துக்கு 11 பெரிய முடிகள் உண்டு. தொடுதலை உணரும் உறுப்புகள் அவை. ஒவ்வொன்றும் எங்கே முளைக்க வேண்டுமோ அங்கேதான் முளைக்கும். அன்றைய மரபியல் ஆய்வாளர் ஈயை மயக்கி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மெல்லிய தூரிகையால் புரட்டிப் புரட்டி அவற்றை எண்ணினார். ஒன்று கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ எங்கோ ஒரு மரபணு மாறியிருக்கிறது என்று பொருள். 1910-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் வெள்ளைக் கண் ஈயைக் கண்டெடுத்ததிலிருந்து பல தலைமுறை மாணவர்கள் பழகிய முறை இதுதான். முதலில் ஈயைப் பார்ப்பது, பிறகு மரபணுவைத் தேடுவது.

அந்த முறை 1990-களில் ஒரு விசித்திரமான இடத்தில் கொண்டுபோய் விட்டது. கலிபோர்னியாவின் சான் டியாகோவில் ஜேம்ஸ் போசகோனியின் ஆய்வகத்தில், அளவுக்கு மீறி முடி முளைக்கும் 'பியர்டெட்' என்ற ஈ வகையை ஆராய்ந்தார்கள். அதன் கோளாறு, புரதத்துக்கான குறிப்பில் இல்லை, அந்தக் குறிப்பைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ.வின் வால் பகுதியில் இருந்தது. வால் இழந்த தூது தேவைக்கு மேல் வேலை செய்தது. அந்த வாலில் சில குறுகிய எழுத்துத் தொடர்கள் இருந்தன. முடி எங்கே வரக் கூடாது என்று தீர்மானிக்கும் வேறு மரபணுக்களின் வால்களிலும் அதே தொடர்கள். ஒன்று ஏழே எழுத்து: ஜி, யு, சி, யு, யு, சி, சி. இவை தூதை அடக்குகின்றன என்பதைப் போசகோனியும் அவர் மாணவர் எரிக் லாயும் காட்டினார்கள். எதைக்கொண்டு அடக்குகின்றன என்று அன்று யாருக்கும் தெரியாது. இரண்டு தூது ஆர்.என்.ஏ.க்கள் ஒன்றோடொன்று இணைந்துகொள்கின்றனவோ என்று 1998-இல் அவ்விருவரும் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். ஆர்.என்.ஏ.வோடு ஆர்.என்.ஏ. இணைகிறது என்பது வரை சரி. இணையும் மற்றொன்று எது என்பதுதான் கைக்கு எட்டவில்லை.

அது வேறொரு உயிரினத்தின் வழியாக வந்தது. 1993-இல் விக்டர் அம்ப்ரோஸும் கேரி ருவ்கனும் ஒரு சிறு உருளைப்புழுவில், தூதோடு இணைந்து அதை அடக்கும் மிகச் சிறு ஆர்.என்.ஏ.வான முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பற்றி எழுதியபோது, அதைப் புழுவுக்கே உரிய வினோதமாகத்தான் பெரும்பாலோர் எண்ணினார்கள். 2001 அக்டோபரில் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் புழு, ஈ, மனித உயிரணு ஆகியவற்றிலிருந்து இத்தகைய சிறு ஆர்.என்.ஏ.க்களைப் பிரித்தெடுத்து வெளியிட்டன. ஈயின் பட்டியலில் மிர்-7 என்ற ஒன்று இருந்தது. அதன் முதல் எழுத்தை விட்டுவிட்டுப் படித்தால் ஜி, ஜி, ஏ, ஏ, ஜி, ஏ, சி. திருப்பிப் பொருத்தினால் பழைய ஏழெழுத்துத் தொடரோடு ஓரெழுத்தும் பிசகாமல் இணைகிறது. 2002-இல் இந்தப் பொருத்தத்தைச் சுட்டியவரும் எரிக் லாய்தான். நெடுநாள் முடி எண்ணியவருக்கு அந்த எழுத்துகள் முன்பே மனப்பாடம்.

மறு ஆண்டு ஹைடல்பர்கில் ஸ்டீபன் கோஹன் குழுவினர் ஈயின் இறக்கையில் மிர்-7-ஐ அளவுக்கு மேல் உருவாகச் செய்தபோது இறக்கையின் ஓரம் வெட்டுப்பட்டது. 1910-களிலேயே மார்கன் காலத்தவர் பதிவு செய்த 'நாட்ச்' ஈயின் இறக்கையை நினைவூட்டும் வெட்டு அது. பழைய கண் இல்லாமல் அந்தப் புதிய சோதனையைப் படித்திருக்க முடியாது.

அன்று ஈயில் கண்டதை மனிதனுக்குப் பொருத்த நீண்ட வாதம் தேவைப்பட்டது. இன்று வரிசையை அருகருகே வைத்தால் போதும். ஈயும் மனிதனும் பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகியும் இரண்டிலும் மிர்-7 ஒரே எழுத்து வரிசை. அது குடியிருக்கும் இடமும் மாறவில்லை: ஈயில் 'பான்கல்' மரபணுவின் இன்ட்ரான் ஒன்றுக்குள், அதாவது புரதக் குறிப்பு இல்லாத இடைத்துண்டுக்குள், இருக்கிறது, மனிதனில் மூன்று பிரதிகளில் ஒன்று, அதே வம்சத்து மரபணுவின் இன்ட்ரானுக்குள் இருக்கிறது. இவ்வளவு கட்டிக்காக்கப்பட்ட ஒன்றை நீக்கினால் ஈ குலைந்துபோகும் என்றுதான் பழைய மரபியல் எதிர்பார்க்கும்.

அப்படி நடக்கவில்லை. 2005-இல் ரிச்சர்ட் கார்த்யூவின் குழு, கண்ணின் ஒளியுணர் செல்கள் உருவாகும்போது மிர்-7-உம் 'யான்' என்ற புரதமும் ஒன்றையொன்று அடக்குவதைக் காட்டியது. ஆனால் சீரான வெப்பத்தில் வளர்ந்த ஈயில் மிர்-7 இல்லாமற்போனாலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. 2009-இல் அதே குழு புழுப் பருவத்தில் வெப்பத்தை ஏற்றி இறக்கி வளர்த்தது. அப்போதுதான் மிர்-7 இல்லாத ஈக்களில் புரத அளவுகள் தடுமாறின, புலன் உறுப்புகளின் உருவாக்கம் பிசகியது.

இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. வேறுபாடு மரபணுவால் வந்ததா, சூழலால் வந்ததா என்ற குழப்பம் வரக் கூடாது என்று ஆய்வகங்கள் ஈயை 25 டிகிரியில் காத்துவந்தன. அந்தக் கவனம் நியாயமானது. அது இல்லாமல் முடிக்கணக்கே நம்பத்தக்கதாக இருந்திருக்காது. ஆனால் வெயிலும் குளிரும் மாறிமாறித் தாக்கும் பழத்தோட்டத்தில் தேவைப்படும் ஒரு மரபணுவை அந்த அமைதியே மறைத்தும் வைத்திருந்தது.

அன்று ஒரு மரபணு ஒரு குறையாக முகம் காட்டியது. காண்பவருக்கு அதில் உறுதி இருந்தது. இன்று ஏழு எழுத்தைக் கணினியில் இட்டால் மிர்-7 அடக்கக்கூடிய மரபணுக்களின் நீண்ட பட்டியல் வருகிறது. எந்த வாலையும் மரபணுத் திருத்தக் கருவியான கிரிஸ்பர் கொண்டு திருத்தலாம். அறிவு பெருகியிருக்கிறது. உயிருள்ள ஈயை மணிக்கணக்கில் பார்த்திருந்து பெற்ற பழக்கம் குறைந்திருக்கிறது, அது எனக்குச் சிறிய இழப்பாகத் தோன்றவில்லை. ஈயில் இருநூறுக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுக்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் நீக்கியும் வேறுபாடு தெரியாதவற்றை வெப்பத்தை மாற்றியும், தீனியைக் குறைத்தும், புட்டியில் நெருக்கி வளர்த்தும் மறுபடி பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு வரிசை படிக்கும் இயந்திரத்தோடு பழைய தூரிகையும் நுண்ணோக்கியும் வேண்டும்.