தமிழ் வகுப்பறைக்குள் கணினி: எங்கிருந்து தொடங்குவது?

தகவல் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசாத கல்வி மேடை இல்லை. ஆனால், தமிழ்ப்பள்ளியின் ஒரு சாதாரண வகுப்பறைக்குள் அதை எவ்வாறு அமைப்பது என்று நாம் குறைவாகவே பேசுகிறோம்.

பெட்டாலிங் ஜெயாவில் எஃபிங்காம், சீபோர்ட் ஆகிய தமிழ்ப்பள்ளிகள் இன்னும் பழைய தோட்டங்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன. தோட்டம் போய்ப் பேரங்காடியும் அடுக்குமாடி வீடுகளும் வந்துவிட்டன. இங்குள்ள பிள்ளைகள் முதலாம் ஆண்டில் கால் வைக்கும் முன்பே கைப்பேசித் திரைக்குப் பழகிவிடுகின்றனர். ஆகவே, கருவியை அறிமுகப்படுத்துவது ஆசிரியரின் முதல் வேலையன்று. அக்கருவியில் தமிழும் இயங்கும் என்று காட்டுவதே முதல் வேலை.

கடந்து வந்த பாதை

2003-ஆம் ஆண்டு அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் போதிக்கப்படத் தொடங்கின. அப்பாடங்களின் ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் எல்.சி.டி. உருகாட்டியும் குறுவட்டுகளும் வழங்கப்பட்டன. தமிழ்ப்பள்ளி வகுப்பறைக்குள் கணினி வந்தது. ஆனால், ஆங்கிலத்தோடு கைகோத்து வந்தது. அத்திட்டத்தைக் கைவிட 2009-இல் அரசு முடிவெடுத்தது. பிறகு 2011-இல் தொடங்கிய ஒன் பெஸ்தாரிநெட் திட்டம் 2019-இல் முடிவுற்றது. 2020-இல் டெலிமா தளம் வந்தது. திட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும். எனவே, ஒரு திட்டத்தையோ ஒரு கருவியையோ மட்டும் நம்பி வகுப்பறையை அமைக்கக் கூடாது.

அறையை அமைத்தல்

ஒரே ஒரு கணினி இருந்தாலும் போதும். அதைப் பூட்டிய கணினி அறையில் வைப்பதைவிட வகுப்பின் ஒரு மூலையில் வைப்பது நல்லது. பிள்ளைகளை நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு கணினியிலும் மற்றவை வாசிப்பு, எழுத்து, கலந்துரையாடல் ஆகியவற்றிலும் ஈடுபட்டுச் சுழற்சி முறையில் மாறலாம். சன்னல் வெளிச்சம் திரையில் விழாதவாறு மேசையைத் திருப்ப வேண்டும். கம்பிகள் நடைவழியில் கிடக்கக் கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மழையோடு மின்னலும் அதிகம். பள்ளி முடிந்ததும் மின்கம்பியையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுவது கட்டாயப் பழக்கமாக வேண்டும்.

விசைப்பலகையே இலக்கணப் பாடம்

சென்னையில் 1999-இல் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. அதில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்வரிசை பெரும்பாலும் வலப்பக்கமும் அமைந்துள்ளன. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகள் போதும். புள்ளி தானாகவே விழும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் பிறப்பதைப் பிள்ளை தன் விரலாலேயே உணர்கிறது. 247 எழுத்துகளையும் மனனம் செய்ய அஞ்சும் பிள்ளைக்கு இது பெரிய துணை.

1985-இல் முரசு செயலியை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். 2001-இல் தமிழிணைய மாநாடும் கோலாலம்பூரில் நடந்தது. இவ்வளவு இருந்தும் நம் பிள்ளைகள் தமிழை ரோமன் எழுத்தில் தட்டினால், குறை கருவியில் இல்லை. ஆங்கிலத்தில் தட்டுவதே இயல்பு என்று ஒரு பிள்ளை பத்து வயதில் முடிவு செய்துவிட்டால், பின்னர் அதை மாற்றுவது கடினம்.

நம் பங்கு

பெற்றோர் ஆசிரியர் சங்கம் கணினி வாங்கித் தரலாம். அதைப் பழுதுபார்க்கவும், தமிழ்த் தட்டச்சு கற்றுத் தரவும், பாடத்துக்கேற்ற தமிழ்ப் பயிற்சிகளைத் தயாரிக்கவும் ஆள் வேண்டும். பல்கலைக்கழக மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் செய்யக்கூடிய பணி இதுவே. அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியரைச் சந்தித்து, வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். பத்து வாரத்தில் ஒரு வகுப்பே தமிழில் தட்டச்சு செய்யும்.